பெருச்சாளி இறங்கிய குழி

மார்ச் மாதத்தில் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியின் ப்ராஜெக்ட் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். ஸ்மார்ட் குப்பைத்தொட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். மூடியின் உள்பக்கம் இரண்டு கண் வைத்ததுபோல் ஒரு அல்ட்ராசானிக் சென்சார், கீழே அதை இயக்க அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, சிம் கார்டு செருகிய ஜிஎஸ்எம் மாட்யூல், எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுக்க ஒரு பவர் பேங்க். தொட்டி நிறைந்ததும் மாநகராட்சிக்கு எஸ்எம்எஸ் போகும். மாணவர் நான்கு காகிதங்களைக் கசக்கி உள்ளே போடுவார், மேஜைமேல் இருக்கும் போன் சிணுங்கும், நடுவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்வார்.

அந்த சென்சார் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. 2 சென்டிமீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை அளக்கும். காகிதம் போட்டால் சரியாகத்தான் சொல்லும். தெருவில் யாரோ ஒருவர் கேரிபேக்கை வாய் கட்டிப் போட, அது காது தூக்கி நின்றால் தொட்டி நிறைந்துவிட்டதாகச் சொல்லும். சாம்பார் தெறித்து சென்சாரில் ஒட்டினால் என்றைக்கும் நிறைந்தே இருக்கும். இதெல்லாம் சரிசெய்யக்கூடியதுதான். சரிசெய்ய முடியாதது வேறு: தொட்டி நிறைந்த சேதி யாருக்கும் தெரியாமல் போனதால் அது வழியவில்லை. அந்தத் தெருவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், மாடுகளுக்குக்கூடத் தெரியும். லாரி வரவில்லை, அதனால் வழிகிறது. லாரி ஏன் வரவில்லை என்பது டிரைவர் ஷிப்ட், டீசல், பழுதான வண்டி, ஒப்பந்தக்காரரின் கணக்கு என்று போகிற விஷயம். அதற்கு நூறு ரூபாயில் சென்சார் கிடையாது.

மாணவர்களைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. ஏன் இந்தத் தொட்டி வருடா வருடம் திரும்பி வருகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்குக் கிடைப்பது சில மாதங்கள், சில ஆயிரம் ரூபாய், மேற்பார்வைக்கு ஒரு பேராசிரியர், முடிவில் ஒரு வைவா. ஹேக்கத்தான், அதாவது குறித்த நேரத்துக்குள் தீர்வு செய்து காட்டும் போட்டி என்றால் அதைவிடக் குறைவு. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம். அணிக்கு ஆறு பேர், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். அமைச்சகங்களும் துறைகளும் தங்கள் பிரச்சினைகளை எழுதிக் கொடுக்க, மாணவர்கள் தீர்வு செய்து காட்டுகிறார்கள். தமிழ்நாட்டிலும் 2022-இல் வந்த நான் முதல்வன் திட்டத்தின்கீழ் நிரல் திருவிழா என்ற இதே மாதிரிப் போட்டி நடக்கிறது. துறைக்காரர்களே பிரச்சினையைச் சொல்வது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் துறை எழுதித் தரும்போதே பாதி நேரம் ‘இதற்கு ஒரு ஆப் வேண்டும்’ என்று விடையையும் சேர்த்தே எழுதிவிடுகிறது. ‘இதில் புதுசு என்ன?’ என்று கேட்காத நடுவரைப் பார்ப்பது அரிது. ‘ஆடி மாதக் காற்றில் கம்பி அறுந்தால் யார் வந்து ஒட்டுவார்?’ என்று கேட்கும் நடுவரைப் பார்ப்பது அதைவிட அரிது.

குப்பைத்தொட்டியில் தப்பு நடந்தால் கொஞ்சம் நாற்றம், அவ்வளவுதான். அதே சிந்தனை பாதாளச் சாக்கடைக்குப் போகும்போது கதை மாறிவிடுகிறது. கண்காட்சியின் இன்னொரு மேஜையில் இருப்பது கேஸ் சென்சார் பொருத்திய ஹெல்மெட். சாக்கடையில் இறங்கும் தொழிலாளிக்கு விஷவாயு இருந்தால் அலாரம் அடிக்கும். நல்ல மனசோடு செய்த பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் குழிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

அங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் என்பார்களே, அதுதான். கொஞ்சமாக இருக்கும்போதுதான் அந்த நாற்றம். 10 லட்சத்தில் 100 பங்கு அளவைத் தொட்டால் மூக்கின் மோப்பம் மரத்துப்போய்விடும். நாற்றம் போய்விட்டதே, வாயு வெளியேறிவிட்டது என்று நினைக்கத் தோன்றும் நேரம்தான் உண்மையில் ஆபத்தான நேரம். 500, 700 என்று ஏறினால் சில நிமிடங்களில் ஆள் சரிந்துவிடுவார். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சே போதும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அதோடு நிறைய வாயு சேற்றுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. மூடியைத் திறந்து வைத்து மேலிருந்து கருவியை இறக்கி அளந்தால் ஆபத்தில்லை என்று காட்டும். இறங்கியவர் சேற்றில் கால் வைத்துக் கலக்கிய நொடியில் அது பொங்கி மேலே வரும். ஒருவர் விழுந்தால் தூக்கப் போனவரும், அவரைத் தூக்கப் போனவரும் அடுத்தடுத்து விழுவது இதனால்தான்.

மாணவர்கள் வாங்குகிற மலிவான வாயு சென்சார்கள் உள்ளே ஒரு சூடேற்றி வைத்து இயங்குபவை. சூடாகி நிலைக்கு வரவே நேரம் எடுக்கும், ஈரப்பதம் கூடினால் அளவு தடுமாறும். சாக்கடைக் குழிக்குள் காற்று முழுக்க ஈரம். சரி, இதையும்கூட நல்ல சென்சார் வாங்கித் தீர்த்துவிடலாம் என்று வையுங்கள். அப்புறமும் அந்த ஹெல்மெட் ஒரு காரியத்தைச் செய்துகொண்டே இருக்கிறது: இறங்கலாம் என்று அனுமதி கொடுக்கிறது. கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடை விஷயத்தில் தடைசெய்வது, பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் ஆளை இறக்குவதை. ‘பாதுகாப்புக் கருவி கொடுக்காமல்’ என்ற அந்தச் சொற்றொடர் வழியாக எத்தனை பேர் சட்டத்திலிருந்து நழுவியிருக்கிறார்கள் என்பது இந்தத் துறையைக் கவனிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு ஜோடி கையுறையும் ஒரு முகமூடியும் கணக்கில் காட்டினால் போதும் என்று நினைக்கும் ஒப்பந்தக்காரருக்கு, அலாரம் அடிக்கும் ஹெல்மெட் இன்னும் வசதி.

1993 முதல் பதிவான சாக்கடை, செப்டிக் டேங்க் மரணங்களில் நாட்டிலேயே தமிழ்நாடுதான் முதலிடம் என்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அரசுக் கணக்கே சொல்கிறது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இறங்குகிறவர்கள் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஹேக்கத்தானுக்கு எழுதித் தரப்படும் பிரச்சினைக் குறிப்பில் மட்டும் அந்த வரி இருக்காது.

இப்போது கோழிக்கோட்டுக்குப் போவோம். 2015 நவம்பர் 26. ஆந்திராவிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு தொழிலாளர்கள் மேன்ஹோலுக்குள் மயங்கி விழுந்தார்கள். அருகில் இருந்த ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத், முன்பின் தெரியாத அந்த இருவரையும் தூக்க இறங்கினார். மூன்று பேரும் இறந்தார்கள். கேரளத்தையே உலுக்கிய சாவு அது.

அந்தச் சமயத்தில் மலப்புறம் மாவட்டம் குட்டிப்புரத்தில் உள்ள எம்இஎஸ் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலர் வேறொரு பொருளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எக்ஸோஸ்கெலிட்டன், அதாவது ஆள் உடம்பில் மாட்டிக்கொள்ளும் இயந்திரக் கூடு. மாட்டிக்கொண்டால் கூடுதல் பாரம் தூக்கலாம். படிப்பு முடிந்து வேலைக்குப் போனார்கள், பிறகு அதை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். விமல் கோவிந்த், ரஷீத், நிகில், அருண் ஜார்ஜ் ஆகிய அந்த நால்வர் தொடங்கியதுதான் ஜென்ரோபாடிக்ஸ். சாக்கடைக்கு ஒரு வழி செய்ய முடியுமா என்று மாநில அரசின் பக்கமிருந்தே கேள்வி வந்தது. கேரள ஸ்டார்ட்அப் மிஷனும் கேரளக் குடிநீர் ஆணையமும் கைகொடுத்தன. 2018 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் பேண்டிகூட் என்ற இயந்திரம் முதல்முறையாகக் குழிக்குள் இறங்கியது.

பேண்டிகூட் என்றால் பெருச்சாளி. தெலுங்கில் பந்திகொக்கு, பன்றியெலி என்று பொருள். அதைத்தான் வெள்ளைக்காரன் பேண்டிகூட் ஆக்கினான். சாக்கடையில் நம்மைவிட நன்றாக வாழத் தெரிந்த பிராணியின் பெயரை வைத்தவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது.

இயந்திரம் இரண்டு பகுதி. ஒன்று தரையில் நிற்கும் தாங்கி. திரையும் இயக்கும் பிடிகளும் அதில் இருக்கும். இன்னொன்று கயிற்றில் தொங்கியபடி உள்ளே இறங்கும் பகுதி. சாக்கடை மூடியின் வாய் ஏறக்குறைய அரை மீட்டர்தான், அதற்குள் கால்களை ஒடுக்கிக்கொண்டு நுழையும். உள்ளே போனதும் நான்கு கால்களையும் விரித்துச் சுவரில் உதைத்து நிற்கும். அப்புறம் கை வேலை செய்யும்: சுழன்று, நீண்டு, சேற்றையும் கல்லையும் துணியையும் அள்ளி வாளியில் போடும், வாளி மேலே வரும். தண்ணீர் புகாத, இருட்டிலும் பார்க்கக்கூடிய கேமராக்கள் அடியில் நடப்பதைத் திரைக்கு அனுப்பும். வாயு சென்சாரும் அதில் உண்டு. ஹெல்மெட்டில் இருந்த அதே வகைக் கருவிதான். ஆனால் இங்கே அது தப்பாகச் சொன்னாலும் யார் உயிரும் போகாது.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது கால்களும் கேமராவும் இல்லை. அந்த நால்வர் தங்கள் பழைய ப்ராஜெக்டை அப்படியே கொண்டுவந்து சாக்கடையில் பொருத்தவில்லை என்பதுதான். கையில் இருந்ததோ ஆளுக்கு மாட்டும் கூடு. அதைக் கொஞ்சம் மாற்றி ஆக்சிஜன் குழாய் வைத்து, ‘சாக்கடை வீரன்’ என்று பெயர் சூட்டியிருந்தால் பரிசுகள் குவிந்திருக்கும். முன்னைவிடப் பலசாலியான ஒருவர் குழிக்குள் இறங்கியிருப்பார், அவ்வளவே. அவர்கள் ஆளைக் குழியிலிருந்து வெளியே எடுத்தார்கள். ஹெல்மெட் செய்தவர்களுக்கும் இவர்களுக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கேட்ட கேள்வி வேறு.

இன்னொன்று, இதை இயக்குபவர் யார் என்பது. இறங்கி வேலை செய்த தொழிலாளர்களுக்கே பயிற்சி கொடுத்து ஆபரேட்டர்களாக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது வெறும் கருணைக் காரியம் இல்லை. எந்தக் குழியில் எந்தப் பக்கம் மண் சேரும், எந்த மூலையில் செங்கல் பெயர்ந்திருக்கும், மழைக்குப் பிறகு எங்கே முதலில் பொங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு உடம்பில் ஏறிய அறிவு. சென்னையின் பழைய பகுதிகளில் பாதாளச் சாக்கடை 1910-களில் திட்டமிடப்பட்டது. வரைபடத்தில் இருக்கும் குழியும் தரைக்கடியில் இருக்கும் குழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. காலையில் குடிநீர் வாரிய டெப்போ ஒன்றில் ஒரு வாரம் நின்றால் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்களை, ஆறு மாத ப்ராஜெக்டில் யாரும் தெரிந்துகொள்ளாமல் போவதுதான் வழக்கம்.

பெருச்சாளியால் எல்லாம் முடிந்துவிடுமா என்றால் இல்லை. குழியில் சேர்ந்ததை அது அள்ளும். இரண்டு குழிகளுக்கு நடுவே குழாயில் விழுந்த அடைப்புக்கு, உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சும் ஜெட்டிங் வண்டியும் உறிஞ்சும் லாரியும்தான் வேண்டும். தமிழ்நாட்டில் கும்பகோணம், கோவை போன்ற ஊர்களுக்கு இந்த இயந்திரம் வந்திருக்கிறது. 2023-இல் தன் மேன்ஹோல்கள் எல்லாவற்றையும் ரோபாட்டால் சுத்தம் செய்யும் முதல் மாநிலம் என்று கேரளம் அறிவித்துக்கொண்டது. அதற்கு முந்தைய வருடம் ஜோஹோ நிறுவனம் ஜென்ரோபாடிக்ஸில் 20 கோடி ரூபாய் முதலீடு செய்தது.

சாக்கடைக் குழாயே போகாத பகுதிகளின் கதை தனி. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, சேர்ந்த பகுதிகளில் பெரும்பாலானவை செப்டிக் டேங்க் நம்பி இருந்தவை. அங்கே விளம்பரம் மின்கம்பத்திலும் காம்பவுண்டுச் சுவரிலும் இருக்கும், ஒரு செல் நம்பரோடு. போன் போட்டால் லாரி வரும். குழாயை உள்ளே விட்டு இழுத்து முடித்ததும் டிரைவர் சொல்வார்: “சார், மேல் தண்ணியத்தான் மெஷின் இழுக்கும். அடியில களிமண் மாதிரி கெட்டியா கெடக்கு. ஆள் எறங்கித்தான் எடுக்கணும். அதுக்குத் தனி ரேட்டு.” வீட்டுக்காரர் ரேட்டைத்தான் பேசுவார். இறங்குகிற ஆளைப் பற்றிப் பேச்சே வராது.

அந்தக் கெட்டியான அடிச்சேறுதான் சென்னை ஐஐடியில் ஒரு முதுகலை மாணவரின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஆனது. பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் வழிகாட்டுதலில் உருவான அந்தக் கருவியின் பெயர் ஹோமோசெப். யோசனை எளிமையானது. டேங்கின் வாய் சின்னது, வயிறு பெரியது. மடக்கிய குடைபோல் கத்திகளை உள்ளே இறக்கி, உள்ளே போனதும் விரித்துச் சுழற்றினால் கெட்டிச் சேறு கரைந்து கூழாகும். கூழானதை லாரியே உறிஞ்சிக்கொள்ளும். ஆள் இறங்க வேண்டிய அந்த ஒரு படியை மட்டும் குறிபார்த்து அடித்திருக்கிறார்கள். மாணவர் தொடங்கிய சோலினாஸ் நிறுவனம் அதைக் களத்துக்குக் கொண்டுபோனது. 2022-இல் தமிழ்நாட்டில் முதல் கருவிகள் போய்ச் சேர்ந்தது, இந்த வேலையில் கணவரை இழந்த பெண்கள் தலைமையிலான சுய உதவிக் குழுக்களிடம். தூய்மைப் பணியாளர்களின் உரிமைக்காகப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற இயக்கம் அதற்குத் துணைநின்றது. அதே நிறுவனம் பிறகு குடிநீர், கழிவுநீர்க் குழாய்களுக்குள் ஊர்ந்துபோய்ப் பார்க்கும் எண்டோபாட் என்ற கருவியையும் செய்தது. குடிதண்ணீரில் எங்கே சாக்கடை கலக்கிறது என்று தெருவெல்லாம் தோண்டிப் பார்ப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இந்த இரண்டு வெற்றிகளையும் வைத்துக்கொண்டு, நல்ல இயந்திரம் செய்தால் நகரம் ஓடிவந்து வாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நகராட்சி எதையும் டெண்டர் வழியாகத்தான் வாங்கும். டெண்டர் கேட்பது கடந்த சில வருட வருமானக் கணக்கு, முன் அனுபவம், குறைந்த விலை. போன வருடம் கல்லூரியை விட்டு வந்தவர்களிடம் முதல் இரண்டும் இருக்காது. ஒரே நிறுவனம்தான் ஒரு பொருளைச் செய்கிறது என்றால், போட்டி இல்லாமல் எப்படி வாங்குவது என்று தணிக்கைக்குப் பயந்து கோப்பு அப்படியே நிற்கும். அதிகாரியையும் குறைசொல்ல முடியாது, நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லப்போவது அவர்தான். கேரளத்தில் அரசே முதலில் கேட்டதால் இந்தச் சுவர் தாழ்ந்தது. மற்ற இடங்களில் பல நேரம் ஏதாவது ஒரு பெரிய நிறுவனம் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தில் முதல் இயந்திரம் வந்து இறங்கும். ரிப்பன் வெட்டுவார்கள், படம் வரும். இரண்டாம் வருடம் கேமராவுக்குள் தண்ணீர் போனால் மாற்றப் பணம் எந்தத் தலைப்பில் எடுப்பது என்பதற்கு அந்தப் படத்தில் பதில் இருக்காது. பல லட்சம் ரூபாய் இயந்திரம் சில ஆயிரம் ரூபாய் உதிரி பாகத்துக்காக ஷெட்டில் நிற்பதை அரசு அலுவலகங்களைச் சுற்றியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஹைதராபாத் செய்தது கவனிக்கத்தக்கது. அங்கே 2017-இல் குடிநீர் வாரியம் 70 சிறிய ஜெட்டிங் வண்டிகளை இறக்கியது. பெரிய வண்டி நுழைய முடியாத சந்துகளுக்கு ஏற்ற அளவு. இதில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை, ஹேக்கத்தானில் முதல் சுற்றிலேயே வெளியேறியிருக்கும். ஆனால் தலித் தொழில்முனைவோர் அமைப்பான டிக்கியோடு சேர்ந்து, வண்டிகளைத் தொழில்முனைவோரின் பெயரிலேயே வாங்க வைத்து, வேலைக்கு வாரியம் ஒப்பந்தம் கொடுத்தது. வண்டி பழுதானால் உடனே சரிசெய்ய வேண்டிய அக்கறை, அதன் சொந்தக்காரருக்குத் தானாக வந்துவிடும். 2019-இல் டெல்லியில் இதே வழியில் 200 வண்டிகள் வந்தன. சென்னைக் குடிநீர் வாரியம் 2024 டிசம்பரில் தூய்மைப் பணியாளர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் இப்படி வண்டி உரிமையாளர்களாக்கியது. அடுத்த மாதமே, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதர் இறங்கிச் சாக்கடை சுத்தம் செய்வது அடியோடு நிற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மேன்ஹோல் என்ற சொல்லையே விட்டுவிட்டு இப்போது இயந்திர நுழைவுவாயில் என்கிறார்கள். பெயரில் ஆள் இல்லை.

வண்டி இப்போது பணியாளர் குடும்பத்தின் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடனும் அதே பெயரில். வாரியம் தொடர்ந்து வேலை கொடுத்தால் தவணை தானாக அடைந்துகொண்டு போகும். சுவரில் எழுதிய செல் நம்பருக்குப் போன் போடும் வீட்டுக்காரர் இன்னும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. அவர் கூப்பிடுவது தனியார் லாரியை, அந்த லாரியோடு வருகிற இரண்டு பேருக்கு அன்றைய கூலி. ஹோமோசெப் மாதிரி ஒரு குடை அந்த லாரியின் பின்னால் மாட்டப்படும் நாள் வரைக்கும், ‘அதுக்குத் தனி ரேட்டு’ என்ற பேச்சு காம்பவுண்டு கேட்டுக்குள் நடந்துகொண்டேதான் இருக்கும்.